ரோஸ் குஞ்சும் கூரையில்லாக் கூடும்

ஆகஸ்ட் 21, வியாழன்

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் நான் இன்று கலர் கோழிக்குஞ்சு வாங்கிவிட்டேன்.

பள்ளிக்கூட வாசலில் சைக்கிள்காரனைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். முழங்கையை விட்டு நடுவே நுழைந்து ஐந்து பொறுக்கினேன். ரோஸ், பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு. "பேத்திக்குங்களாக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். என் மகள் மோகனப்பிரியா ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள், இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை. ஒரு பெண்குழந்தை, "ரோஸ் நான் கேட்டது" என்று அழத் தொடங்கியது. வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. "ஒரு நாளைக்கு நாலு வாட்டி எனக்குப் போன் பண்ணாதம்மா, தோணுறத எழுதி வை" என்று மகள்தான் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள் நான். வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிற கணக்கு எழுதிய கைக்கு இது போதும்.

வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அட்டைப்பெட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"என்னது?"

"கோழிக்குஞ்சுங்க."

"சாயம் போட்டதா?"

"கல்யாணத்துக்குக் கெளம்பி நிக்குதுக."

முன்பென்றால் இதற்கு அவரிடமிருந்து ஒன்றுக்கு ஒன்பதாக வந்திருக்கும். இந்தத் தெருவில் என் வாயை அடைக்கத் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மேஸ்திரிதான். இன்று சேனலை மாற்றினார்.

"எங்க வெச்சு வளத்துவ?"

"பொறவால உங்க கூடு இருக்குதல்லங்க."

"அது முடியல."

"அது எனக்குத் தெரியும். குஞ்சுகளுக்குத் தெரியாதே."

டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கூட்டைப் பற்றி எழுதி வைக்கிறேன். வேலை நடந்த இடத்தில் மிஞ்சிய ஹாலோ பிளாக்கைக் கொண்டுவந்து பங்குனியில் இவரே ஆரம்பித்தது. மூன்று பக்கம், மூன்று வரிசை. நாலாவது பக்கம் இல்லை, கூரை இல்லை, கதவு இல்லை. வைகாசியில் சாரத்திலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டு. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் மடங்குவதில்லை. அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் ஒரு பந்து கொடுத்தார். அது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. கலவை அள்ளிப் பூசுகிற கரணை சிமெண்டுச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இவர் நாற்காலியில் இருக்கிறார். அவரவர் இடத்தில் அவரவர்.

எதிர்வீட்டு மயிலாக்கா மாவு வாங்க வந்து பெட்டியைப் பார்த்துவிட்டது. நாட்டுக்கோழி வளர்ப்பதில் அதை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது.

"ஏனாத்தா துளசி, இந்த வயசுல கலர்க்குஞ்சா? நாளைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்குவியாட்டிருக்குது."

"உனக்கும் சேத்து வாங்கியாறேன்க்கா."

"மூணு நாள் தாங்காது, பாரு. அத்தனையும் பண்ணைக்காரன் வேண்டாம்னு கழிச்ச சேவக்குஞ்சு. பெட்டைய எவன் தெருவுல விப்பான்?"

இதையேதான் சைக்கிள்காரனும் சொன்னான். அவனுக்கும் மயிலாக்காவுக்கும் ஒத்துப்போகிற விஷயம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆரஞ்சு செத்துவிட்டது. பேப்பர் விரித்தது தப்பாம். கால் வழுக்கி வழுக்கிக் கவட்டை அகன்றுவிட்டது. மயிலாக்கா இதை ஆரஞ்சு செத்த பிறகு வந்து சொன்னது. இப்போது சாக்குத் துணி விரித்திருக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் தலையைக் கவிழ்த்து முழுகிவிடுமாம். குருணையைக் கழுவி உலர்த்தி வைக்கிறேன். மாவரைக்கிற வேலை ஒரு பக்கம், இதுகளுக்குப் பேறுகாலம் பார்க்கிற வேலை ஒரு பக்கம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ரோஸுக்குப் பின்பக்கம் அடைத்துக்கொண்டது. கண்ணை மூடி நிற்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். என் மகளுக்குக்கூட இத்தனை பொறுமையாகத் துடைத்ததில்லை.

துடைக்கும்போதே வாய் வேண்டிக்கொண்டது. கருப்பராயா, ரோஸ் பிழைத்து, கூடும் முடிந்தால், இந்த ரோஸையே உனக்குச் சேவலாக விடுகிறேன். காலில் மஞ்சள் கயிறும் கட்டிவிட்டேன். பிழைத்தால் அறுக்கிறேன் என்று ஒரு உயிருக்காக வேண்டிய ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"கூட்டுக்குப் போயி எதுக்கு வேண்டுதலு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"என்ற கூடு, என்ற சாமி. உங்களுக்கென்ன?"

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ரோஸ் பிழைத்துக்கொண்டது. சாமி பாதி வேலையை முடித்துவிட்டார். மீதி பாதிதான் கஷ்டம்.

ஆகஸ்ட் 30, சனி

பொழுதோடு கரண்ட் போனது. சூட்டுக்குக் கட்டியிருந்த குண்டு பல்பு அணைந்ததும் நாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. இவர் குடித்த காலத்துக் குவார்ட்டர் பாட்டில்கள் பரணில் கிடந்தன. சுடுதண்ணீர் ஊற்றி, இவருடைய பனியனைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். ஒட்டிக்கொண்டு படுத்தன. இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டிலால் இந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் நல்லது.

கரண்ட் வந்ததும் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"பல்ப ஒசத்திக் கட்டு."

"ஏனுங்க?"

"தள்ளித் தள்ளிப் படுக்குதுக பாரு. சூடு சாஸ்தி. குளுந்தா ஒண்ணாக் கும்பும்."

உயர்த்திக் கட்டினேன். பரவிப் படுத்தன. அவர் பக்கம் திரும்பினால் பார்வை டிவியில் இருக்கிறது. டிவி இன்னும் போடவே இல்லை.

செப்டம்பர் 10, புதன்

சாயம் போய்விட்டது. இறகு முளைக்க முளைக்க நாலும் வெள்ளை. பெயர் மட்டும்தான் மிச்சம். ரோஸுக்குக் கயிறு அடையாளம், பச்சைக்குத் தடித்த கால். மஞ்சளும் நீலமும் எது எது என்று தினமும் பெயர் மாற்றி வைக்கிறேன். அதுகளும் கோபித்துக்கொள்வதில்லை.

பெட்டி கொள்ளவில்லை. மாவு ஆட்டும் அறையெல்லாம் இறகுப் பொடி. பக்கத்துத் தெரு டீச்சரம்மா மாவில் ஒரு இறகைப் பார்த்துவிட்டு, "துளசிமணி, இது என்ன?" என்றார்கள். மாவு லேசாக வர என்று சொன்னேன். சிரிக்கவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

இனிப் பகலில் வெளியே விட்டாக வேண்டும். வெளியே என்றால் அந்த மூன்று வரிசைக் கூடு. கூரைக்கு ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை இழுத்துக் கட்டினேன். மயிலாக்கா பேரனின் காதுகுத்து பேனர். அச்சுப் பக்கம் உள்ளே இருக்கட்டும் என்று கவிழ்த்துப் போட்டதில், குஞ்சுகள் அண்ணாந்தால் மயிலாக்கா கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. அது வந்து குனிந்து பார்த்தது.

"என்னையக் கொண்டுபோயி எங்க கட்டியிருக்கறா பாரு."

"ராத்திரி பகலா நீ காவலிருந்தா கீரி வருமாக்கா?"

செப்டம்பர் 12, வெள்ளி

கீரி வந்துவிட்டது. நீலத்தைக் காணோம். சுவர் இல்லாமல் கம்பி வலை சாய்த்து வைத்திருந்த பக்கம் இரண்டு இறகு கிடந்தது. அடுப்பில் பால் வைத்திருந்தேன், அதைக்கூட இறக்காமல் ஓடினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை, பாலும் பொங்கிவிட்டது.

வந்து இவரிடம் கத்தினேன். இவ்வளவு நாள் சிரித்துக்கொண்டே சொன்னதையெல்லாம் சிரிக்காமல் சொன்னேன். ஊருக்கெல்லாம் வீடு கட்டினீர்கள், ஒரு குஞ்சுக்குச் சுவர் இல்லை என்றேன். அவர் வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இன்று இனி எழுத மாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மயிலாக்கா தன் அண்ணன் மகன் சின்னராசுவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றது. அவனும் கொத்தனார். ஞாயிறு லீவு, சும்மாதான் இருக்கிறானாம், மதியத்துக்குள் மீதிச் சுவரை ஏற்றிவிடுவானாம், ஒரு பைசா வேண்டாமாம். கரணையும் கையுமாக நிற்கிறான். நல்ல பையன்.

இவர் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சின்னராசு, "நீங்க கட்டுன வரிசைங்களா மாமா? நூல் புடிச்சாப்ல இருக்குது" என்றான். இவர் உள்ளே போய்விட்டார்.

"இன்னைக்கு வேண்டாம் சாமி," என்றேன்.

"ஏனுங்கத்தை?"

"அஷ்டமி."

மயிலாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தது. "கோழிக்கூட்டுக்கா அஷ்டமி?"

"கோழியும் உசுருதானக்கா."

"செரி, நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்றேன்."

"நாளைக்கு நவமி."

"அதுக்கு மறுநாளு?"

காலண்டர் என் பக்கம் நிற்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே வந்துவிட்டேன். எனக்குக் கிறுக்குப் பிடித்திருப்பதாக மயிலாக்கா தெருவில் சொல்லிக்கொண்டு போனது கேட்டது. சுவர் சும்மா கிடைத்தும் வேண்டாம் என்ற என்னை எனக்கே நாலு அறை விடத் தோன்றியது.

செப்டம்பர் 25, வியாழன்

மூன்றையும் காலையில் வெளியே விட்டு, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்து, சாயங்காலம் பிடித்து உள்ளே அடைக்கிறேன். பச்சை கைக்குச் சிக்குவதில்லை. நேற்று அதைத் துரத்தி வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் குளிக்கிற கல்லின் மேல் வழுக்கி விழுந்தேன். இடுப்புக்குக் கீழே எந்த இடம் என்று எழுதத் தேவையில்லை. உட்கார்ந்து மாவாட்ட முடியவில்லை.

போதும். நானே கட்டப் போகிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

கட்டினேன். கரணை எங்கே என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டேன். சன்னலுக்கு நேரே இருக்கிற பக்கத்தில்தான் ஆரம்பித்தேன். நிழல் அங்கேதான் இருந்தது.

நாலு பிளாக் வைத்ததும் சன்னல் பேசியது.

"கலவைல தண்ணி சாஸ்தி."

"குஞ்சுகளுக்குத் தாகமெடுத்தா நக்கிக்கட்டும்."

ஏழாவது பிளாக்.

"நூலு கட்டுனியா?"

"எதுக்கு? கோழி என்ன ரசமட்டம் வெச்சா பாக்கப் போகுது?"

சன்னல் கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திறந்துகொண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் சுவர் கோயில் தேர் வளைவில் திரும்புகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து போனது. எனக்குத் தெரிந்த அழகு அவ்வளவுதான்.

செப்டம்பர் 27, சனி

மத்தியானம் என் சுவர் விழுந்துவிட்டது. குஞ்சுகள் நல்லவேளை மேய்ச்சலில் இருந்தன. ஒரு பிளாக் மட்டும் உடைந்தது.

சத்தம் கேட்டு இவர் வெளியே வந்தார். சாரத்திலிருந்து விழுந்த நாளுக்குப் பிறகு கூட்டுப் பக்கம் இவர் வருவது இதுதான் முதல். இடுப்பில் கை வைத்து நின்று, அந்தக் குவியலையே பார்த்தார். யாராவது இறந்த வீட்டில் நிற்கிற முகம்.

"இத ஆராவது பாத்தாங்களா?"

"மயிலாக்கா பாத்துச்சு. மேஸ்திரி வீட்டுச் செவுருன்னு சின்னராசுக்குப் போட்டோ அனுப்புறேன்னு போயிருக்குது."

மயிலாக்கா எதையும் பார்க்கவில்லை. அது சந்தைக்குப் போயிருக்கிறது.

இவர் குனிந்து இடது கையால் ஒரு பிளாக்கை எடுத்தார். ஒட்டியிருந்த கலவையைத் தட்டிவிட்டுத் தனியாக வைத்தார். பிறகு இன்னொன்று. எல்லாவற்றையும் சுரண்டி அடுக்கும் வரை நிமிரவில்லை. நான் உள்ளே போய் மாவாட்டினேன். கிரைண்டரில் அரிசி போடவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

மகள் போன் செய்தாள்.

"அம்மா, நெசமாச் சொல்லு. அப்பாவுக்காகத்தான அந்தக் குஞ்சுகள வாங்குன?"

டவர் இல்லை என்று வைத்துவிட்டேன். டவர் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

அக்டோபர் 3, வெள்ளி

கட்டிலுக்கு அடியில் சாக்கு மட்டும் கிடக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

ஒரு நாளைக்கு இரண்டு பிளாக். இதை மனிதர்களிடம் சொல்ல முடியுமா? ஒரு காலத்தில் இவர் டீக்கு முன்னால் ஒரு வரிசை முடிப்பவர்.

கரணை இடது கையில். வலது கை பிளாக்கை அணைத்துப் பிடிக்கிறது, விரலால் இல்லை, மணிக்கட்டால். கலவை பாதி கீழே விழுகிறது. விழுந்ததைப் பச்சை கொத்திப் பார்க்கிறது. ஒரு பிளாக்கை வைப்பார், ரசமட்டம் வைப்பார், குமிழி ஓரம் போகும், எடுத்துவிடுவார். மறுபடியும். வாயில் அத்தனை கிண்டல் வந்து முட்டுகிறது, ஒவ்வொன்றையும் விழுங்குகிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் இவ்வளவு பேசாமல் இருந்ததில்லை. உடம்புக்கு ஆகுமோ தெரியவில்லை.

இன்று வைத்ததில் ஒன்றைச் சாயங்காலம் அவரே தள்ளிவிட்டார்.

"பீச்சாங்கைல கட்டுனா செவுரு இப்படித்தான் இருக்கும். சின்னராசுவையே வரச் சொல்லு."

"அஷ்டமி போகட்டுங்க."

"அஷ்டமி எப்பப் போறது?"

"நீங்க முடிச்சதும்."

முறைத்தார். முறைப்பதும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஃபிரிட்ஜ் மேலிருந்த பந்தைக் காணோம். குஞ்சுகள் விளையாட எடுத்துப் போயிருக்கும்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. நாலு சுவரும் எழும்பிவிட்டன, கூரை இல்லை. மயிலாக்கா படம் போட்ட பேனர் தண்ணீரைத் தேக்கிப் பானை மாதிரி தொங்கி, நடுவில் கிழிந்து, மொத்தத்தையும் குஞ்சுகள் மேல் கொட்டிவிட்டது.

மூன்றையும் சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வந்தேன். மஞ்சள் நடுங்குகிறது, மூக்கில் சளி. சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் தட்டி உருட்டிக் கொடுத்தேன். தலையை உதறி என் முகத்திலேயே துப்பியது. அடுப்பங்கரையில் ஒரு மூலை, மாவு அறையில் ஒரு மூலை என்று வீடு முழுக்கக் கழிசல். டீச்சரம்மா வேறு கடைக்குப் போய்விட்டார்கள், இன்னும் இரண்டு வீடும் நிறுத்திவிட்டன. உளுந்து ஊறிப் புளித்துப் போனது. இன்றைக்கு எனக்கு ஒரு கிண்டலும் தோன்றவில்லை.

இவர் மஞ்சளை எடுத்து மடியில் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். வலது கையால் அதன் முதுகைத் தடவினார். விரல்கள் கொஞ்சம் வளைந்தன. கொஞ்சம்தான். வெளிச்சம் சரியில்லை, நான் தப்பாகவும் பார்த்திருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டது. தகரம் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஆள் நான். ஏணியில் ஏற வேண்டியவர் இவர். இரண்டாவது படியில் கால் வைத்தார், நின்றுவிட்டார். கூடு என் தோள் உயரம்தான். ஆனாலும் நின்றுவிட்டார். நெற்றி வேர்த்துவிட்டது. நான் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தகரத்தில் இருந்த துருவைப் பற்றி என்னென்னவோ பேசினேன். எங்கள் பாட்டன் காலத்துத் தகரம் என்றேன், இதைவிட மயிலாக்காவின் பல் உறுதி என்றேன்.

"சித்தக் கம்முனு இரு புள்ள," என்றார். "ஆணி எடு."

ஏறிவிட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

கதவு போட்டாயிற்று. தரை ஒரு பக்கம் லேசாகச் சரிவு, கழுவினால் தண்ணீர் தானாக வெளியேறும். மேலே காற்றுக்கு ஒரு சாண் இடைவெளி, அதில் வலை. உட்கார்ந்து உறங்கத் தைலமரக் கொம்பு ஒன்று குறுக்கே. நிலக்கடலைத் தோலை உடைத்துத் தரையில் பரப்பினேன். குளிக்க ஒரு சட்டியில் சாம்பல்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. இருட்டான மூலையில் இரண்டு பிளாக்கைப் படுக்கப் போட்டு, முன்னால் ஒரு தடுப்பு வைத்து, சின்னதாக ஒரு மாடம் கட்டியிருக்கிறார்.

"இது எதுக்குங்க? வெளக்கு வெக்கவா?"

"இருக்கட்டும்."

"சேவலுக என்ன துணிமணி மடிச்சு வெக்கப் போகுதுகளா?"

"இருக்கட்டுங்கறன்ல."

சின்னராசு வந்து பார்த்தான். ரசமட்டத்தை எடுத்துச் சுவர் மேல் வைத்தான். குமிழி நடுவில் நின்றது. அவன் ரசமட்டத்தை இவர் கையில் திருப்பிக் கொடுத்தான். வலது கையில்தான். இவர் வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் 4, வியாழன்

பச்சை இன்று கூவியது. ஓட்டை சைக்கிள் பம்பு அடிப்பது போல் இருந்தது. மஞ்சளும் முயற்சி செய்து இருமியது. ரோஸ் கூவவில்லை. சாமிக்கு நேர்ந்தது, அடக்கமாக இருக்கிறது.

மயிலாக்கா வேலி ஓரம் நின்று ரொம்ப நேரம் பார்த்தது.

"துளசி, அந்தக் கயிறு கட்டுனது சேவல்தானா?"

"கொண்டையப் பாருக்கா. உன்ற நாட்டுச் சேவலுக்கே அத்தனாம்பெருசு இல்ல."

"கொண்டை தொங்குதே."

"கனம் தாங்கல."

"வாலு நீளலையே."

"நீதானக்கா சொன்ன, கலர்க்குஞ்சு அத்தனையும் சேவலுன்னு?"

வாயை மூடிக்கொண்டது. அதன் வாயை நான் மூடியது இந்த வருஷத்தில் இதுதான் முதல்முறை. ரசித்து இன்னொரு டம்ளர் காப்பி குடித்தேன்.

ஜனவரி 5, திங்கள்

மயிலாக்கா இவரைத் தேடி வந்தது. என்னை இல்லை, இவரை. தன் வீட்டுப் பொடக்காளியில் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி ஒரு மேடை வேண்டுமாம்.

"சின்னராசு இருக்கானல்ல?" என்றேன், வேண்டுமென்றே.

"அவன் அவசரக்காரன். மேஸ்திரி மெதுவாக் கட்டுனாலும் நிக்குது."

இவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மொத்தம் எத்தனை வரிசைங்க?" என்று கேட்டுக்கொண்டே அதன் பின்னால் போனார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் காரம்.

ஜனவரி 24, சனி

நாளைக்குக் கருப்பராயனுக்குச் சேவல். கூடு முடிந்தது, மற்றதும் நடந்தது. சாமிக்குச் சொன்னால் சொன்னதுதான். பூசாரியிடம் சொல்லியாயிற்று. நேர்ந்துவிட்டதைத்தான் கொண்டுவர வேண்டும், மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றேன். மகள் வந்துவிட்டாள். இவருடைய தங்கை வீட்டார் வேன் பிடித்து வருகிறார்கள். மசாலா அரைத்து வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னதில் தொண்டை கட்டிவிட்டது. நாளை அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லை என்று மயிலாக்காவிடம் காலண்டரையே எடுத்துப் போய்க் காட்டினேன்.

சாயங்காலம் இவர் கூட்டுப் பக்கமிருந்து வந்தார். வேட்டியில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"சேவல நல்லாப் பாத்துட்டியா?"

"என்னத்தப் பாக்கோணும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

வலது கையில் அந்தப் பந்து இருந்தது. அமுக்கிக்கொண்டே, என்னவோ தனக்குள் சிரித்துக்கொண்டு போனார். எனக்கு மசாலா வேலை இருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் கூட்டைத் திறந்தேன். பச்சை கூவிக்கொண்டிருந்தது. மஞ்சள் தண்ணீரைக் கொட்டியிருந்தது. கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் மாடத்தில் உட்கார்ந்திருந்தது. உள்ளே புது வைக்கோல் போட்டிருந்தது. சேவலைத் தூக்கினேன். அடியில் முட்டை இருந்தது. வெள்ளை முட்டை. சூடாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காப்பி குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"கருப்பராயன் ஆம்லெட் சாப்புடுவாரான்னு பூசாரியக் கேளு."

கேட்டேன். சாப்பிட மாட்டாராம், பெட்டைக்கோழியும் வாங்க மாட்டாராம். வேனில் பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். மாவு இருந்தது. இட்லி ஊற்றினேன்.